நண்டு சூடா, குளிர்ச்சியா?

சித்திரை பிறந்து வெயில் ஏறிவிட்டால் புதுச்சேரியில் பேச்சு முழுக்க உடம்புச் சூட்டைப் பற்றித்தான். கண் எரிந்தால் சூடு. வாய்ப்புண் வந்தால் சூடு. நீர் கடுத்தால் சூடு. பெரிய மார்க்கெட்டுக்குக் கோழிக்கறி வாங்கப் போனவர், இந்த வெயிலுக்கு வேண்டாமென்று சுரைக்காயும் வெள்ளரிக்காயும் வாங்கித் திரும்புவார். திண்டிவனம் சாலை ஓரங்களில் தர்பூசணி குவியும். ஐப்பசியில் மழை பிடித்ததும் எல்லாம் தலைகீழாகும்: இரவில் தயிர் வேண்டாம், வெள்ளரி வேண்டாம், மிளகு ரசம் வை என்பார்கள்.

வீட்டுப் பேச்சாகத் தோன்றும் இதற்குப் பின்னால் ஒரு முழு மருத்துவக் கணக்கு இருக்கிறது. சித்தம், ஆயுர்வேதம், சீன மருத்துவம் மூன்றும் உணவை ஒரே மாதிரியான கேள்வியோடு அணுகுகின்றன: இது உள்ளே போனபின் உடம்பை என்ன செய்கிறது? நோயை அறியவும் மூன்றும் உடம்பையே நம்புகின்றன: நாக்கைப் பார், கண்ணைப் பார், நாடியைப் பிடி, பேச்சைக் கேள். இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது, எதற்கு நம்பலாம், எந்த இடத்தில் அதை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

இரண்டு மருத்துவமும் பழகிய ஊர்

புதுச்சேரிக்கு இந்த விஷயத்தில் தனிப்பட்ட உறவு உண்டு. கோரிமேட்டில் இன்று இருக்கும் ஜிப்மரின் வேர், பிரெஞ்சுக்காரர்கள் 1823 ஜனவரி 1 அன்று இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளி. அதற்கு முன் கப்பலேறி வந்த ஐரோப்பிய மருத்துவர்களுக்கும் சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு அந்நியமானதல்ல. கிரேக்க மரபு உடலை ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற தன்மைகளைக் கொடுத்திருந்தது. அந்தக் கிரேக்கக் கணக்கு அரபு மருத்துவர்கள் வழியாக யுனானி ஆகி இந்தியாவுக்கும் வந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி மருத்துவர் பரமானந்த மரியதாசு, நம் நாட்டு மருத்துவ வழக்கங்களையும் மூலிகைகளையும் பற்றிப் பிரெஞ்சு மொழியிலேயே நூல்கள் எழுதினார். 1955-இல் இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை நிறுவிய ழான் ஃபிலியோசா, அடிப்படையில் ஒரு கண் மருத்துவர். இந்திய மருத்துவக் கோட்பாட்டைக் கிரேக்க மருத்துவத்தோடு ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1949-இல் வெளிவந்தது. இன்றும் குயவர்பாளையத்தில் மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி நடக்கிறது. இந்த ஊர்க்காரர் ஒருவர் காலையில் ஜிப்மர் சீட்டும் மாலையில் சித்த வைத்தியர் சூரணமும் கையில் வைத்திருப்பது சாதாரணம். அதனால்தான் இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பயன்படுத்துவது என்ற தெளிவு இங்கே அவசியமாகிறது.

சுவையில் தொடங்கும் கணக்கு

சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் உணவைச் சுவையிலிருந்து படிக்கத் தொடங்குகின்றன. ஐந்து பூதங்களில் இரண்டிரண்டு சேர்ந்து ஒரு சுவை என்பது இரண்டுக்கும் பொதுவான கோட்பாடு. மண்ணும் நீரும் சேர்ந்தால் இனிப்பு. மண்ணும் தீயும் புளிப்பு. நீரும் தீயும் உவர்ப்பு. காற்றும் தீயும் கார்ப்பு. காற்றும் ஆகாயமும் கைப்பு. மண்ணும் காற்றும் துவர்ப்பு.

இந்த ஆறு சுவைகளும் உடலை நடத்தும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றையும் ஏற்றவோ இறக்கவோ செய்கின்றன. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு மூன்றும் வாதத்தைத் தணிக்கும், கபத்தைக் கூட்டும். கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு மூன்றும் கபத்தைக் குறைக்கும், வாதத்தைக் கூட்டும். பித்தத்துக்கு இனிப்பும் கைப்பும் துவர்ப்பும் இதம். புளிப்பும் உவர்ப்பும் காரமும் ஆகாது. மழைக்காலச் சளிக்கு மிளகும், வெயில்காலத்துக்கு நீர்மோரில் கொஞ்சம் வெந்தயமும் என்ற வீட்டுப் பழக்கங்கள் இந்தக் கணக்கில் அழகாகப் பொருந்தும்.

சுவைக்கு அடுத்தது வீரியம். ஒரு பொருள் உடலில் சூட்டைக் கிளப்புமா, குளிர்ச்சி தருமா என்பதே அது. கொதிக்கக் கொதிக்கக் குடித்தாலும் சீரக நீரைக் குளிர்ச்சி என்பார்கள். ஐஸ் தண்ணீரைச் சூடு என்பவர்களும் உண்டு. வெப்பமானியில் ஏறும் சூட்டைப் பற்றியதல்ல இந்தப் பேச்சு. சீன மருத்துவத்திலும் இதே அமைப்பு இருக்கிறது: குளிர், இளங்குளிர், இளஞ்சூடு, சூடு என நான்கு தன்மைகள், குளிருக்கும் சூட்டுக்கும் நடுவே சமநிலை, அவற்றோடு ஐந்து சுவைகள்.

இதில் ஒரு பகுதிக்கு இன்றைய அறிவியலிலும் விளக்கம் இருக்கிறது. மிளகாயிலுள்ள கேப்சைசினும் மிளகிலுள்ள பைப்பரினும், ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும் நரம்பு உணரியையே தூண்டுகின்றன. நாக்கில் உண்மையான வெப்பம் பட்டது போலவே மூளைக்குச் செய்தி போகிறது, வியர்க்கிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் இத்தகைய உணரிகளைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இறைச்சி சூடு என்பதிலும் பொருள் உண்டு: புரதத்தைச் செரிக்க உடல் அதன் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு வரை செலவிட்டு வெப்பம் உண்டாக்குகிறது, மாவுச்சத்துக்கு 5 முதல் 10 விழுக்காடுதான். வெள்ளரியும் தர்பூசணியும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கத்திரி வெயிலில் வேறென்ன வேண்டும்?

பெயர் எதிரெதிர், தட்டு ஒன்று

மரபுகள் எல்லாம் ஒரே பட்டியலைத் தந்தால் சூடும் குளிர்ச்சியும் உணவிலேயே ஒட்டியிருக்கும் பண்பு என்று சொல்லிவிடலாம். அப்படி இல்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நண்டைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

நமக்கு நண்டு சூடு. மூக்கடைத்து நெஞ்சில் சளி கட்டினால் சிறு நண்டுகளை வாங்கி, ஓட்டைச் சுத்தம் செய்து, கால்களோடு அம்மியில் நைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைப்பார்கள். சீன மருத்துவத்திலோ நண்டு கடுங்குளிர்ச்சி. அதைத் தனியே தின்றால் வயிறு குளிர்ந்து கெடும் என்று, இஞ்சி நறுக்கிப்போட்ட தொட்டுகையோடும் சூடாக்கிய அரிசி மதுவோடும் சாப்பிடுவார்கள்.

ஒரே நண்டு, இரண்டு நேரெதிர்ப் பெயர்கள். ஆனால் இரண்டு தட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: இங்கே மிளகும் பூண்டும், அங்கே இஞ்சி. நாம் சூட்டைக் கூட்டச் சேர்க்கிறோம், அவர்கள் குளிர்ச்சியை முறிக்கச் சேர்க்கிறார்கள். சமையலில் வந்து சேரும் இடம் கிட்டத்தட்ட ஒன்றே. மூக்கு திறப்பதற்கு நண்டைவிட மிளகும் ஆவி பறக்கும் ரசமுமே பெரிய காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது.

நம் ஊருக்குள்ளேயே முரண் உண்டு. நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் சூடு தணியும் என்பது ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் தெரிந்தது. ஆயுர்வேத நூல்கள் எள்ளெண்ணெயை உஷ்ண வீரியம் என்று வகைப்படுத்துகின்றன. நமக்குக் குளிர்ச்சியான தயிரும் அங்கே உஷ்ணம்தான். மிளகாய், பப்பாளி, அன்னாசி, தக்காளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வருகைக்குப் பிறகு வந்தவை. பழைய நூல்களில் இடமில்லாத அவற்றுக்கும் தின்று பார்த்த மக்கள் சூடு, குளிர்ச்சி என்று இடம் கொடுத்தார்கள்.

மீனும் பாலும் சேரக்கூடாது என்பது இன்னொரு உதாரணம். மீன் உஷ்ணம், பால் சீதம், இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று சரக சம்ஹிதை சொல்கிறது. மீன் குழம்பு தின்ற வாயால் தயிர் சாப்பிட்டால் வெண்புள்ளி வரும் என்ற பயம் இன்றும் இருக்கிறது. அதே புதுச்சேரியில் பெரிய வாய்க்காலைத் தாண்டி ஒயிட் டவுன் பக்கம் போனால், பாலாடையும் வெண்ணெயும் ஊற்றிச் சமைத்த மீன் பிரெஞ்சு உணவகங்களின் வழக்கமான பண்டம். தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்பு மண்டலமே தாக்கி அழிப்பதால் வருவது வெண்புள்ளி. அதற்கு மீனும் பாலும் காரணமல்ல. அந்தப் பயத்தில் பிள்ளைகளுக்கு மீனையோ பாலையோ மறுக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இதுதான்: சூடும் குளிர்ச்சியும் உணவுக்கும், உண்பவருக்கும், அன்றைய பருவத்துக்கும் இடையிலுள்ள உறவைச் சொல்லும் அளவுகோல். அதை எல்லோருக்கும் எந்நாளும் பொருந்தும் தடைப்பட்டியலாக மாற்றும்போதுதான் அது தவறான இடத்துக்குப் போகிறது.

மூன்று விரலும் எட்டுக் குறியும்

சித்த வைத்தியர் நோயாளியை எட்டு வழிகளில் படிக்கிறார்: நாக்கு, விழி, உடல் நிறம், பேச்சு, தொட்டால் தெரியும் சூடும் ஈரமும், மலம், சிறுநீர், நாடி. இதற்கு எண்வகைத் தேர்வு என்று பெயர். ஆயுர்வேதத்திலும் எட்டு உண்டு. நிறத்துக்குப் பதில் அங்கே உடல்வாகு. சீன மருத்துவர் நான்காகச் சுருக்குகிறார்: பார்த்தல், கேட்டலும் முகர்தலும், விசாரித்தல், தொட்டறிதல்.

நாடி பார்க்கும்போது ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பது மரபு. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பெருவிரல் பக்கமாக மூன்று விரல்களை வைக்கிறார் வைத்தியர். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். இவை முறையே ஒன்று, அரை, கால் என்ற அளவில் நடந்தால் உடல் நலமாக இருக்கிறது என்று கொள்வார்கள். சீனத்திலும் அதே இடம், அதே மூன்று விரல்கள். ஆனால் இரண்டு கைகளையும் பார்ப்பார்கள். இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலக்கையில் நுரையீரல், மண்ணீரல் என்று விரல் படும் இடம் ஒவ்வொன்றையும் ஓர் உறுப்போடு இணைப்பார்கள். 3-ஆம் நூற்றாண்டில் வாங் ஷூஹே எழுதிய நாடி நூல் 24 வகை நாடிகளைப் பிரித்துக் காட்டியது. ஆயுர்வேதத்தின் பழைய ஆசிரியர்களான சரகரும் சுசுருதரும் நாடியைப் பெரிதாகப் பேசவில்லை. ஆயுர்வேதத்தில் அது விரிவாக வருவது சார்ங்கதர சம்ஹிதை தொடங்கித்தான்.

நாடியின் நடையை விலங்குகளின் நடையோடு ஒப்பிடுவது வழக்கம். சித்த மரபில் வாதம் கோழி, மயில், அன்னம் போலவும், பித்தம் ஆமை, அட்டை போலவும், கபம் தவளை, பாம்பு போலவும் நடக்கும். சார்ங்கதரரிடம் பாம்பும் அட்டையும் வாதம், தவளை பித்தம், அன்னம் கபம். நண்டுக்கு நேர்ந்ததே தவளைக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரே ஆளின் நாடியைப் பல வைத்தியர்கள் தனித்தனியே பார்த்த ஆய்வுகளிலும் ஒத்த முடிவு சில இடங்களில் குறைவாகவும் சில இடங்களில் ஓரளவுக்கும்தான் வந்திருக்கிறது. நாடியை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நல்ல வைத்தியர் எட்டையும் பார்ப்பார். உங்களை நிறையப் பேசவும் விடுவார்.

அதற்காக உடலைப் படிப்பதே வீண் என்று சொல்ல முடியாது. கீழிமையை இழுத்துப் பார்த்து வெளுத்திருந்தால் ரத்தசோகை, விழிவெண்மை மஞ்சளானால் காமாலை, தாறுமாறாகத் துடிக்கும் நாடி என்றால் இதயத் துடிப்புக் கோளாறு. எந்த அலோபதி மருத்துவரும் இதையேதான் முதலில் கவனிப்பார். இரண்டு நிமிடத்தில் நோயாளியை அனுப்பிவிடும் கூட்ட நெரிசலில் இந்தப் பொறுமையான பார்வை குறைந்துவருவது பெரிய இழப்பு.

எண்ணெய்த் துளி சொல்வது என்ன?

சித்த மருத்துவத்தில் பெயர் பெற்றது நெய்க்குறி. சித்தர் தேரையர் பெயரால் வழங்கும் முறை இது. அதிகாலைச் சிறுநீரை அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்து, அசையாமல் வெளிச்சத்தில் வைத்து, மேலே ஒரு துளி நல்லெண்ணெய் விடுவார்கள். துளி பாம்பு போல நீண்டால் வாதம், மோதிரம் போல வட்டமாகப் பரவினால் பித்தம், முத்துப் போல அப்படியே நின்றால் கபம்.

எண்ணெய் எப்படிப் பரவும் என்பது அடியிலுள்ள நீரின் பரப்பு இழுவிசையைப் பொறுத்தது. நீரில் கரைந்திருக்கும் பொருட்கள் அதை மாற்றும். காமாலையில் சிறுநீரில் இறங்கும் பித்த உப்புகள் இழுவிசையைக் குறைத்துவிடும். ஆய்வகங்களில் நெடுங்காலம் இருந்த ஹே சோதனைக்கும் இதுவே அடிப்படை: சிறுநீரின் மேல் கந்தகத் தூள் தூவினால் வழக்கமாக மிதக்கும், பித்த உப்பு இருந்தால் மூழ்கும். ஆக, சிறுநீரின் பரப்பில் செய்தி இருக்கிறது என்று கண்டுகொண்டது கூர்மையான கவனிப்பு. ஆனால் அந்தத் துளி எல்லா நோயையும் சொல்லிவிடும் என்று நம்புவதற்கு இது போதாது.

எதற்கு நம்பலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

வெயிலில் அலைந்தவருக்கு நீர் கடுக்கிறது. சூடு என்கிறார்கள், இளநீர், நீர்மோர் கொடுக்கிறார்கள், மறுநாள் சரியாகிறது. உடலில் நீர் வற்றிச் சிறுநீர் அடர்ந்ததால் வந்த எரிச்சலுக்கு அது சரியான மருந்துதான். அதே கடுப்போடு குளிர்காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரில் ரத்தம் என்று ஏதாவது சேர்ந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அப்போது இளநீரை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

கர்ப்பிணிக்குப் பப்பாளி கூடாது என்பதிலும் பாதி பொருள் உண்டு. எலிகளின் கருப்பையில் செய்த ஆய்வில் காயிலுள்ள பால் கருப்பையைச் சுருங்க வைத்தது. பழுத்த பழத்தின் சாறு அப்படிச் செய்யவில்லை. காயையும் செங்காயையும் தவிர்ப்பது நல்ல முன்னெச்சரிக்கை. ஆனால் சூடு என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் தாய்க்கும் சேய்க்கும் இழப்பு. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு தருவது புரதம் நிறைந்த அருமையான வழக்கம். வயிறு பெருக்கும் என்று அவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது தவறான வழக்கம். இரண்டும் ஒரே வீட்டில் நடக்கின்றன.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாந்தம் என்று பாலை நிறுத்துவது அதைவிட ஆபத்து. தாய்ப்பாலைத் தொடர வேண்டும், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கண் குழிந்து குழந்தை துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குறி காட்டாத நோய்

உடலைப் படிக்கும் எந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு: நோய் வெளியே குறி காட்டினால்தான் படிக்க முடியும். புதுச்சேரியின் மிகப் பெரிய நோய்களில் ஒன்று அப்படிக் காட்டுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நாடு முழுக்க நடந்து 2023-இல் வெளியான நீரிழிவு ஆய்வில், கோவா 26.4 விழுக்காட்டோடு முதலிடத்திலும், புதுச்சேரி 26.3 விழுக்காட்டோடு இரண்டாவது இடத்திலும் இருந்தன. பெரியவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை.

சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்து மதுமேகத்தை நம் முன்னோர் கண்டறிந்தார்கள். அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் இறங்கும். வெறும்வயிற்றில் 126 என்றாலே அது நீரிழிவு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே ஒருவர் ஆண்டுக்கணக்கில் எந்தக் குறியும் இல்லாமல் நடமாடலாம். அவர் கண்ணும் சிறுநீரகமும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். எறும்பும் வராது, எண்ணெய்த் துளியும் பேசாது. உயர் ரத்த அழுத்தமும் இப்படித்தான்.

மரபு மருத்துவத்தை உலக சுகாதார நிறுவனமும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி நோய்ப் பெயர்களுக்கான குறியீட்டுத் தொகுப்பு 2024 ஜனவரியில் டெல்லியில் வெளியானது. எந்தச் சிகிச்சை எவ்வளவு பலன் தருகிறது என்று இனி ஒப்பிட்டுப் பார்க்க அது வழி திறக்கும். அதுவரை நம் கையிலிருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்துவோம். தட்டில் என்ன வைப்பது, வெயிலுக்கு எதைக் கூட்டுவது, மழைக்கு எதைக் குறைப்பது என்பதற்குச் சூடும் குளிர்ச்சியும் நல்ல வழிகாட்டி. உங்கள் உடம்பு எதற்கு எப்படி எதிர்வினை செய்கிறது என்று கவனிக்கும் பழக்கத்தை அது தருகிறது, அதை விட்டுவிடாதீர்கள். நோயைத் தீர்மானிக்க மட்டும் பரிசோதனை வேண்டும்.

முப்பது வயது கடந்தவர் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்த வைத்தியரிடம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். அலோபதி மருத்துவரிடம் நீங்கள் சாப்பிடும் சூரணத்தின் பெயரைச் சொல்லுங்கள். இருவரிடமும் எதையும் மறைக்காமல் இருந்தால் இரண்டு மருத்துவத்தின் பலனும் உங்களுக்குக் கிடைக்கும்.